குஞ்சுக்கு முதல் மாதம் யார் தாய்?

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். வீடு கட்டிக் குடிபோய் ஆறு மாதம் ஆகிறது. "பின்னால நாலு சென்ட் சும்மா கிடக்குண்ணே, பத்துக் கோழி வளர்க்கலாம்னு இருக்கேன். குஞ்சு எங்க சல்லிசாக் கிடைக்கும்?" என்றான். "பகல்ல வீட்ல யாரு இருப்பீங்க?" என்று கேட்டேன். நான் பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்திருப்பான், கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

கேள்வியில் விஷயம் இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. மேலே இருப்பது பஞ்சு மாதிரி மயிர். இறகு முளைத்து உடம்பை மூட மூன்று, நாலு வாரம் ஆகும். அதுவரை வேறு யாராவது சூடு கொடுக்க வேண்டும், காக்காவிடமிருந்து காக்க வேண்டும், எது தீனி எது குப்பை என்று காட்டித்தர வேண்டும். அந்த வேலையைத் தாய்க்கோழி செய்யலாம், பல்பும் நீங்களும் சேர்ந்து செய்யலாம், வேறொருவர் செய்து முடித்த பிறகு காசு கொடுத்து வாங்கலாம். குஞ்சு விலையில் நாம் பார்க்கிற வித்தியாசம் எல்லாம் இந்த ஒரு மாதத்துக்கான கூலிதான். ஆகவே சல்லிசு எது என்று கேட்பதற்கு முன்னால், அந்த மாதத்தை யார் தலையில் கட்டப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

ஒன்றை மட்டும் முதலிலேயே தள்ளிவிடலாம். பள்ளிக்கூட வாசலிலும் திருவிழாக் கடைத்தெருவிலும் ரோஸ், பச்சை, நீலம் என்று சாயம் முக்கி விற்கிறார்களே, அந்தக் கலர் குஞ்சு. பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்துப்போட்ட சேவல் குஞ்சுகள். முட்டையிடாது, கறியும் சட்டென்று வைக்காது, அதனால் அவர்களுக்கு வேண்டாதவை. வெயிலில் கூடையில் அலைந்து, சாயத்தில் நனைந்து, தண்ணீர் காணாமல் நம் வீட்டுக்கு வருகின்றன. மூன்றாம் நாள் பிள்ளைகள் அழுவதுதான் மிச்சம். என் மகள் வாங்கி வந்த பச்சைக் குஞ்சு ஒன்று தப்பித் தவறித் தேறியது. வளர்ந்து வெள்ளைச் சேவலாகி, தபால்காரரைக் கண்டால் மட்டும் துரத்திக்கொண்டு திரிந்தது. அது வேறு கதை.

அடை வைப்பது

எங்கள் அப்பத்தாவைக் கேட்டால் குஞ்சு வாங்குவது என்பதே பேச்சில் வராது. குஞ்சு என்றால் பொரிக்க வைப்பதுதான்.

பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டு முடித்த நாட்டுக்கோழி ஒரு நாள் கூடையை விட்டு இறங்காது. கையைக் கொண்டுபோனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொர்ர் என்று ஓசை கொடுக்கும், கொத்தவும் வரும். அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்பத்தா அகலமான மூங்கில் கூடையில் ஆற்று மணலைக் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, நடுவில் கையால் குழி செய்வாள். முட்டையை ஒவ்வொன்றாக அடுக்கியபின் ஒரு கரித்துண்டு, ஓர் இரும்பு ஆணி, இரண்டு வரமிளகாய். "இடி இடிச்சா முட்டை கலங்கிப்போகும்டா, அதுக்குத்தான்" என்பாள். ஆணி இடியைத் தடுக்குமா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் இன்றைக்கும் நான் வைக்கிறேன். வைக்காமல் பொரிப்புக் குறைந்தால் யார் பேச்சுக் கேட்பது?

ஆணியை விட முக்கியமான சங்கதிகள் சில உண்டு. சேவல் சேர்ந்த முட்டையாக இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, கோடையில் அதற்கும் குறைவு. ஃபிரிட்ஜில் வைத்தது வேண்டாம். சிறுவிடை, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி என்றால் பத்து முட்டை, உடம்பு பெரிதாக இருந்தால் பன்னிரண்டு. ஆசைப்பட்டுப் பதினாறு வைத்தால் ஓரத்து முட்டைகள் முறை வைத்துக்கொண்டு குளிர்ந்து, எல்லாம் அரைகுறையாகப் போகும். கூடையை இருட்டான மூலையில், எறும்பு ஏறாத இடத்தில் வைக்க வேண்டும். வைக்கோலுக்கு அடியில் வேப்பிலை போட்டால் கோழிப் பேன் தொல்லை கொஞ்சம் குறையும். பேன் பிடித்த கோழி பாதியில் எழுந்து போய்விடும், எல்லா முட்டையும் வீண்.

ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சைப் பிடித்து முட்டையைப் பாருங்கள். உள்ளே சிவப்பாகச் சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். தாய் தினம் ஒரு தடவை இறங்கும், தின்னும், தண்ணீர் குடிக்கும், ஊரே மூக்கைப் பொத்துகிற மாதிரி ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டு, கால் மணி, இருபது நிமிடத்தில் திரும்பி ஏறிவிடும். இருபத்தோராம் நாள் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சுக் கீச்சு கேட்கும். அப்போது உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஓட்டை உரிக்கக் கூடாது. உள்ளே ரத்த ஓட்டம் இன்னும் அடங்கியிருக்காது.

இந்த வழியில் கைக்காசு ஏறக்குறைய செலவே இல்லை. தாய்க்கோழிதான் செலவு செய்கிறது. மூன்று வாரம் அடை, பிறகு இரண்டு மாதம் குஞ்சோடு திரிவது என்று முட்டையிடாமல் காலம் போகும். நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது, எண்பது முட்டைதான் இடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். முட்டைதான் வேண்டும் என்கிறவர்கள் அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி, மூக்கில் இறகைக் குத்தி அடை தெளிய வைப்பது இதனால்தான். எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்காது.

ஆனால் தாய் வளர்க்கிற குஞ்சின் லட்சணமே தனி. பருந்து நிழல் தரையில் விழுந்தால் தாய் ஒரே ஒரு நீளக் குரல் கொடுக்கும், பத்துக் குஞ்சும் அதன் வயிற்றுக்கடியில் மறையும். கரையானைக் கால் கிளறிக் காட்டும். எந்தப் பல்பும் இதைச் சொல்லிக்கொடுக்காது.

இழப்பும் உண்டு. பன்னிரண்டு வைத்தால் ஒன்பது, பத்து பொரியும். வாசல் திறந்து விட்டால் இரண்டு மாதத்தில் ஐந்தோ ஆறோதான் மிஞ்சும். பருந்தை எல்லோரும் திட்டுகிறோம், என் அனுபவத்தில் காக்காதான் பெரிய களவாணி. ஒரு நாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டு நின்ற நேரத்துக்குள் மூன்று குஞ்சு போனது. ஒரு காக்கா முன்னால் நின்று தாயைச் சண்டைக்கு இழுத்தது, இன்னொன்று பின்னால் வந்து தூக்கியது. அன்றிலிருந்து முதல் மூன்று வாரம் பஞ்சாரத்துக்குள்தான் (கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடை), அதன் மேல் பழைய மீன் வலை. கீரிக்கும் பூனைக்கும் சேர்த்துப் பஞ்சாரத்தின் மேல் ஒரு கல்.

இந்த வழிக்கு ஒரே குறை, உங்களிடம் ஏற்கெனவே கோழி இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவனிடம் அது எப்படி இருக்கும்?

ஒரு நாள் குஞ்சு

பொரிந்த அன்றே பெட்டியில் அடைத்து விற்பது. நாமக்கல், பல்லடம் பக்கம் பொரிப்பகங்கள் நிறைய. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பண்ணைகளில் முன்கூட்டியே பதிவு செய்து வாங்கலாம், காத்திருக்க வேண்டியிருக்கும். குஞ்சு வெளியே வருவதற்குச் சற்று முன் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் தாங்கும். அதனால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. தாங்கும் என்பதற்காகச் சித்திரை வெயிலில் மத்தியானப் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ராத்திரி வண்டியில் வரச் சொல்லுங்கள், அல்லது நீங்களே போய் எடுத்து வாருங்கள். ஒரு பெட்டியில் நாலு அறை, அறைக்கு இருபத்தைந்து. சின்ன வளர்ப்பாளருக்கு முதல் இடைஞ்சல் அங்கேதான். பத்துக் குஞ்சு கேட்டால் பல இடங்களில் தரமாட்டார்கள். பக்கத்து வீடுகளைச் சேர்த்துக்கொண்டு ஐம்பது, நூறு என்று எடுக்க வேண்டியிருக்கும்.

என் முதல் ஐம்பது குஞ்சு கார்த்திகை மாதம் வந்தது. சதுரமான அட்டைப்பெட்டி, மேலே இரண்டு குண்டு பல்பு, எல்லாம் தயார் என்று படுத்துவிட்டேன். ராத்திரி மூன்று மணிக்கு மழையோடு கரண்ட் போனது எனக்குத் தெரியாது. விடிகாலையில் பார்த்தால் பெட்டியின் ஒரு மூலையில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மேலே இருந்தவை நன்றாகத்தான் இருந்தன. அடியில் ஏழு, அப்பளம் மாதிரி. குளிரில் செத்தவை இல்லை, மூச்சு முட்டிச் செத்தவை.

அதற்குப் பிறகு மூலையே கிடையாது. தகரத்தையோ அட்டையையோ ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக வளைத்துக் கட்டிவிடுகிறேன். கீழே உமி அல்லது கடலைத் தோல் இரண்டு அங்குலம், முதல் மூன்று நாள் அதன் மேல் சொரசொரப்பான காகிதம். வழவழத்த காகிதம் என்றால் கால் இருபுறமும் வழுக்கி அப்படியே விரிந்துபோகும். கரண்ட் போனால் வெந்நீர் ஊற்றிய பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கிறேன். மண்சட்டியில் கரி நெருப்புப் போட்டு வைக்கிறவர்கள் உண்டு. புகை வெளியேற வழி வேண்டும், உமியில் பொறி விழாமலும் பார்க்க வேண்டும்.

சூட்டுக்குக் கணக்கு: முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். பல்புக்கு, குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது வழக்கம். ஐம்பதுக்கு 100 வாட். ஒரே நூறு வாட் பல்பாகப் போடாமல் இரண்டு அறுபதாகப் போடுங்கள், ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று இருக்கும். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. இதைத் தெரியாமல் செய்கிறவர்கள் இப்போது நிறைய, ஏனென்றால் குண்டு பல்பு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. வெப்பமானி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பல்புக்கடியில் அடைந்து கீச்சிட்டால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். வட்டம் முழுக்கப் பரவி, சில தின்று, சில கால் நீட்டித் தூங்கினால் சரியாக இருக்கிறது. கோடையில் எங்கள் பக்கம் பகலில் பல்பே வேண்டியதில்லை.

வந்து இறங்கியதும் தண்ணீர், அப்புறம்தான் தீனி. தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கலந்து, ஒவ்வொன்றாகப் பிடித்து அலகை ஒரு தடவை நனைத்துவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்து நனைந்து சாகும். முதல் நாள் உடைத்த சோளம், கம்பு, ரவை. அடுத்த நாளிலிருந்து குஞ்சுத் தீவனம். பின்பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டி அடைத்துக்கொண்டதா என்று தினம் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும், பிய்க்கக் கூடாது. இத்தனையும் தாய்க்கோழி இருந்தால் உங்கள் வேலை இல்லை.

அப்புறம் தடுப்பு மருந்து. வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகும். ஏழாம் நாள் லசோட்டா என்கிற கழிச்சல் மருந்து கண்ணில் ஒரு சொட்டு, பதினாலாம் நாள் கம்போரோ நோய்க்கு, நாலாம் வாரம் மறுபடி லசோட்டா, ஆறாம் வாரம் அம்மைக்கு, எட்டாம் வாரம் கழிச்சலுக்கு ஊசி. இதில் ஒரு சங்கடம்: மருந்துக் குப்பி நூறு குஞ்சுக்குக் குறைந்து கிடைப்பது அரிது, ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், கலக்கினால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பத்துக் குஞ்சுக்காரர் மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அக்கம்பக்கத்தில் கோழி வைத்திருப்பவர்களோடு நாள் பேசி வைத்துக்கொள்ளலாம். சில கால்நடை மருந்தகங்களில் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கிப் போடுகிறார்கள், கேட்டு வையுங்கள். பிப்ரவரி வாக்கில் துறையே ஊர் ஊராக முகாம் நடத்துகிறது. பொரிப்பகத்தில் மேரக்ஸ் நோய்க்கு முதல் நாளே போட்டார்களா என்றும் விசாரியுங்கள். அது முதல் நாளோடு சரி, வீட்டுக்கு வந்தபிறகு போட்டுப் பிரயோஜனமில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், விரும்பிய இனத்தைத் தேர்ந்தெடுக்க இதுதான் வழி. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா, பெங்களூரில் வந்த கிரிராஜா, நம் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி எல்லாம் இப்படித்தான் கிடைக்கும். வீட்டுக்கு முட்டைதான் முக்கியம் என்றால் கிராமப்ரியா மாதிரி ஒன்று நல்ல தீனியில் வருடத்துக்கு இருநூறை ஒட்டி இடும், நாட்டுக்கோழி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் இந்த இனங்கள் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அடுத்த தலைமுறைக்கு மறுபடி பெட்டி, மறுபடி பல்பு. கடக்நாத் வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கருங்கோழி, 2018-இல் புவிசார் குறியீடு வாங்கியது. கறி கறுப்பாக இருக்கிறது என்பதற்காகக் கேட்கிற விலையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

'நாட்டுக்கோழிக் குஞ்சு' என்று எழுதியிருந்தால் எந்த நாட்டுக்கோழி என்று கேளுங்கள். சோனாலி என்கிற வங்கதேசக் கலப்பும் அந்தப் பெயரில்தான் விற்கிறது. ரோட் ஐலண்ட் இனச் சேவலுக்கும் ஃபயூமி இனக் கோழிக்கும் பிறந்தது. கெட்ட கோழி இல்லை, ஆனால் சிறுவிடை என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

மாதக் குஞ்சு

மூன்றாவது வழி, பல்பு மாதத்தை வேறொருவர் முடித்துவிட்டு நாலு வாரக் குஞ்சாக விற்பது. விலை கேட்டால் ஒரு நாள் குஞ்சைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. கொள்ளை என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை.

எங்கள் பக்கத்து விலையில் பாருங்கள். இருபது ஒரு நாள் குஞ்சு 45 ரூபாய் மேனிக்கு 900. நாலு வாரத்தில் குஞ்சுக்கு அரை கிலோ தீவனம், ஆக 10 கிலோ, 450 ரூபாய். அறுபது வாட் பல்பு இரண்டு வாரம் ராத்திரி பகலாக எரிந்தால் 20 யூனிட், பிறகு ராத்திரி மட்டும். கரண்டுக்கு 150 வைத்துக்கொள்வோம். உமி, மருந்து, வெல்லம் எல்லாம் சேர்த்து 200. மொத்தம் 1,700. இருபதில் நாலு போய்ப் பதினாறு தேறினால், அதுவே நல்ல தேர்ச்சி, ஒன்று 106 ரூபாய். அதே மாதக் குஞ்சை வெளியில் 130-க்குத் தருகிறார்கள். பதினாறுக்கு வித்தியாசம் 400 ரூபாய் கூட வராது. அந்த நானூறுக்காக ஒரு மாதம் ராத்திரித் தூக்கத்தை விற்க வேண்டும். நூறு, இருநூறு வளர்க்கிறவருக்குக் கணக்கு வேறு. பத்துக்கு இதுதான் கணக்கு. அரசுத் திட்டங்களில் பெண்களுக்கு மானியத்தில் தருவதும் நாலு வாரக் குஞ்சுதான் என்பதைக் கவனிக்கலாம்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு நாள் குஞ்சில் சேவலா பெட்டையா என்று நம் கண்ணுக்குத் தெரியாது, பாதிக்குப் பாதி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நாலு, ஐந்து வாரத்தில் கொண்டை சிவக்கத் தொடங்குவது, கால் தடிப்பது என்று கொஞ்சம் ஊகிக்கலாம். விற்பவர் பொறுக்க விடமாட்டார், விட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

பயப்பட வேண்டியது வேறு. முதல் மாதம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எந்தத் தேதியில் எந்த மருந்து போட்டீர்கள் என்று கேளுங்கள். "எல்லாம் போட்டாச்சு" என்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுக்குள் எட்டிப் பாருங்கள். உமி ஈரமாக, அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தால் திரும்பி வந்துவிடலாம், ரத்தக் கழிச்சல் பின்னாலேயே வரும். இறக்கை தொங்கி, கண் மூடி நிற்கும் குஞ்சு ஒன்று இருந்தாலும் மற்றவற்றை வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பிறகு சேர்க்க வேண்டும்.

தாயும் குஞ்சும்

கடைகளில் பட்டியல் போட்டு விற்காததால் பலருக்கு நினைவுக்கு வராத வழி இது. அடையிலிருந்து இறங்கிய கோழியை அதன் குஞ்சுகளோடு அப்படியே வாங்குவது. தாய்க்கோழி விலையோடு குஞ்சுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுப்பார்கள். பல்பு வேண்டாம், ராத்திரி எழுந்து பார்க்க வேண்டாம், முதல் நாளிலிருந்தே முட்டையிடத் தெரிந்த, அடை காத்து நிரூபித்த ஒரு கோழி கையில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு என்னைக் கேட்டால் இதைவிட நல்லது இல்லை.

வாங்குகிற இடம்தான் சிக்கல். எங்கள் மாவட்டத்தில் வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்குப் போனால் கூடை கூடையாக இருக்கும். ஆனால் பத்து ஊர்க் கோழி ஒன்றாக நிற்கிற இடம், கழிச்சல் நோய்க்கும் அதுதான் சந்தை. இன்னொரு தந்திரமும் உண்டு: ஏதோ ஒரு கோழியை ஏதோ பத்துக் குஞ்சோடு கூடையில் அடைத்துவிட்டுத் தாய் என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் 'தாய்' குஞ்சுகளைக் கொத்தி விரட்டும். ஒரு குஞ்சை எடுத்து நாலடி தள்ளி விட்டுப் பாருங்கள். பெற்றவள் என்றால் கொக் கொக் என்று கூப்பிட்டுக்கொண்டு கூடைக்கு மேலே ஏற முட்டுவாள். அசையாமல் நின்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். சந்தையை விட, பக்கத்து ஊரில் கோழி வளர்க்கிற வீடாகப் பார்த்துச் சொல்லி வைப்பது மேல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் வேண்டாம், தை, மாசியில் கேளுங்கள்.

இன்குபேட்டர் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை என்பதால் ஒரு வார்த்தை. தெர்மாகோல் பெட்டி, பல்பு, சின்ன தெர்மோஸ்டாட் வைத்து வீட்டிலேயே செய்கிறார்கள், நானும் செய்து பார்த்தேன். 37.5 டிகிரி செல்சியஸில் நிறுத்த வேண்டும், பதினெட்டாம் நாள் வரை முட்டையைத் தினம் சில தடவை திருப்ப வேண்டும், கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும், கரண்ட் போகக் கூடாது. எல்லாம் சரியாக நடந்து குஞ்சு வந்துவிட்டால், கையில் இருப்பது என்ன? தாயில்லாத ஒரு நாள் குஞ்சு. திரும்பவும் பல்புக்கடிதான். பத்து, இருபது பெட்டைகள் முட்டையிட்டுத் தள்ளுகிற வீட்டுக்குத்தான் அது கருவி. நாலு சென்ட்காரருக்கு விளையாட்டுச் சாமான்.

சித்தி மகன் வீட்டில் அவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். பகலில் சித்தி மட்டும். முழங்கால் வலி, குனிந்து நிமிர முடியாது. ஆக ஒரு நாள் குஞ்சு அந்த வீட்டுக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். தை வரை பொறுத்துத் தாயும் குஞ்சுமாக ஒன்று தேடித்தருகிறேன், பொறுக்க முடியாது என்றால் மாதக் குஞ்சு சிறுவிடையில் எட்டு வாங்கு என்றேன். அதில் சேவல் நாலு வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தீபாவளிக்கு முடித்துவிடலாம். ஆறு, ஏழு மாதத்தில் பெட்டை முட்டைக்கு வரும், பிறகு அடைக்கும் வரும்.

அவனுக்குக் கிராமப்ரியா மேல் ஒரு கண். முட்டை எண்ணிக்கையைக் கேட்டதிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கும் வழி இருக்கிறது, நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன். அடைக்கு வந்த சிறுவிடையை வீணாகப் போகிற நாலைந்து முட்டை மேல் உட்கார வைத்து, மூன்று வாரம் முடியும் நாளுக்குப் பொரிப்பகத்தில் பத்துக் குஞ்சு சொல்லி வைக்க வேண்டும். யாராவது பெட்டி எடுக்கிறவரோடு பங்கு போட்டால் பத்து கிடைக்கும். குஞ்சு வந்த ராத்திரி, விளக்கில்லாமல், கோழியின் அடியில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்து அந்த இடத்தில் ஒரு குஞ்சை வைக்க வேண்டும். கோழி கொஞ்சம் முனகும், இறக்கையை ஒரு தடவை தூக்கிச் சரிசெய்துகொள்ளும். கால் மணி விட்டு அடுத்தது. முதல் தடவை அவசரப்பட்டுப் பத்தையும் ஒரே மூச்சில் திணித்தேன், இரண்டை வெளியே தள்ளிவிட்டது, அவற்றைக் காலையில் அட்டைப்பெட்டியில் பல்புக்கடியில் வளர்க்க வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை பதினொரு மணிக்குத் தொடங்கி ஒன்றரை வரை கூடைப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால், கோழி கூடையிலிருந்து இறங்கி, நான் போட்ட நொய்யைக் கொத்திக் கீழே போட்டு, கொக் கொக் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பத்தும் காலடியில்.